டிக்யூ அவுட்புட் டிரைவர்: கார்னருக்குக் கார்னர் கரன்ட் இரண்டு மடங்கு மாறுகிறது, எப்படி நிலைப்படுத்துவது?

சிலிக்கான்_சிட்டு:

வணக்கம். சின்ன மெமரி டெஸ்ட் சிப் ஒன்றுக்கு அவுட்புட் டிரைவர் வரைந்துகொண்டிருக்கிறேன். 130 நானோமீட்டர் ப்ராசஸ், விடிடிக்யூ (அவுட்புட் சப்ளை) 1.2 வோல்ட், எட்டு டிக்யூ (டேட்டா) பின். எதிர்முனையில் டெர்மினேஷன் 48 ஓம், விடிடிக்யூவுக்குப் போகிறது. புல்-டவுனுக்கு நிலையான அகலத்தில் ஒரே என்மாஸ், புல்-அப்புக்கு ஒரே பிமாஸ். பேடை (சிப்பின் இணைப்பு முனையை) 0.6 வோல்ட்டில் நிறுத்திவைத்து, ஒவ்வொரு கார்னரிலும் (ப்ராசஸ், வெப்பநிலை, சப்ளை சேர்ந்த ஓரநிலை; டிடி சராசரி, எஸ்எஸ் மெதுவானது, எஃப்எஃப் வேகமானது) புல்-டவுன் கரன்ட்டைப் பார்த்தால்:

டிடி, 25 டிகிரி, 1.2 வோல்ட்: 17.5 மில்லி ஆம்பியர்
எஸ்எஸ், 125 டிகிரி, 1.14 வோல்ட்: 11.6 மில்லி ஆம்பியர்
எஃப்எஃப், மைனஸ் 40 டிகிரி, 1.26 வோல்ட்: 25.4 மில்லி ஆம்பியர்

பேண்ட்கேப்பிலிருந்து (நிலையான ரெஃபரன்ஸ் சர்க்யூட்) 250 மைக்ரோ ஆம்பியர் எடுத்து 1-க்கு 70 மிரர் (கரன்ட்டை நகலெடுக்கும் சர்க்யூட்) போட்டுப் பார்த்தேன். பேட் 0.9 வோல்ட்டில் இருக்கும்வரை எல்லாக் கார்னரிலும் அழகாக நிற்கிறது. 0.3 வோல்ட்டுக்கு இறங்கினால் கரன்ட் சரிந்துவிடுகிறது. எட்டுப் பின்னும் ஒரே நேரத்தில் மாறினால் பயாஸ் லைன் ஆட்டம் கண்டு, முதல் இரண்டு மூன்று பிட்டுக்குக் கரன்ட் குறைவாகவே வருகிறது. கெப்பாசிட்டர் சேர்த்தால் ஆட்டம் குறைகிறது, ஆனால் ஸ்டார்ட்-அப் நீண்டுபோகிறது.

மிரரையே சரிசெய்யலாமா, இல்லை டிராம் சிப்களில் இருப்பதுபோல 240 ஓம் ரெசிஸ்டர் வைத்து டிஜிட்டலாகப் போவதா? டிஜிட்டல் என்றால் எத்தனை பிட், எங்கே சறுக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓம்காரன்:

உங்களுக்கு வேண்டியது நிலையான கரன்ட் அல்ல, நிலையான இம்பீடன்ஸ். இந்த இரண்டையும் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

விடிடிக்யூவுக்குப் போகும் 48 ஓம் டெர்மினேஷனில், லோ லெவலை முடிவுசெய்வது உங்கள் டிரைவருக்கும் அந்த 48 ஓமுக்கும் இடையிலான விகிதம். உங்கள் எண்களையே ஓமாக மாற்றினால் டிடி 34.3, எஸ்எஸ் 51.7, எஃப்எஃப் 23.6. சப்ளையை 1.2-லேயே வைத்துத் தோராயமாகப் பார்த்தால் லோ லெவல் முறையே 0.50, 0.62, 0.40 வோல்ட். ஹை எப்போதும் 1.2-தான். ஆகவே கண் படத்தின் (பிட்டுகளின் அலைவடிவை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த படம்) நடுக்கோடு 0.85-இலிருந்து எஸ்எஸ்ஸில் 0.91-க்கு ஏறுகிறது, எஃப்எஃப்பில் 0.80-க்கு இறங்குகிறது. ரிசீவரின் விரெஃப் (ஹையா லோவா என்று ஒப்பிடும் வோல்டேஜ்) ஒரே இடத்தில் நின்றால், 110 மில்லி வோல்ட் இதிலேயே போச்சு. கரன்ட் மாறுவது உங்களைக் கடிக்கும் இடம் இதுதான்.

மிரர் ஏன் சரிகிறது? மிரர் நகலெடுப்பது டிரான்சிஸ்டர் சாச்சுரேஷனில் (டிரெயின் வோல்டேஜ் மாறினாலும் கரன்ட் பெரிதாக மாறாத நிலையில்) இருக்கும்வரை மட்டும்தான். பேட் 0.3 வோல்ட்டுக்கு வரும்போது அது டிரையோடுக்குள் விழுந்துவிட்டது. அதற்குமேல் கரன்ட்டைத் தீர்மானிப்பது டிரெயின் வோல்டேஜ். ஓவர்டிரைவை (கேட் வோல்டேஜ் த்ரெஷோல்டைத் தாண்டும் அளவை) 0.25 வோல்ட் அளவுக்குக் குறைத்தால் சாச்சுரேஷனில் நிற்கும்தான், ஆனால் அதே 17.5 மில்லி ஆம்பியருக்கு அகலம் பல மடங்காகும், பேட் கெப்பாசிட்டன்ஸும் கூடவே ஏறும். பயாஸ் ஆட்டத்துக்குக் காரணம் டிரெயின்-கேட் கெப்பாசிட்டன்ஸ். எட்டு டிரெயினும் சேர்ந்து இறங்கும்போது கேட் லைனைத் தங்களோடு இழுத்துக்கொண்டு போகின்றன.

மிரர் வகை தப்பான யோசனை என்று சொல்லவில்லை. ஆர்டிராமில் (ராம்பஸின் பழைய மெமரி) ஓப்பன்-டிரெயின் கரன்ட் டிரைவர்தான் இருந்தது: டெர்மினேஷன் 1.8 வோல்ட், லைன் 28 ஓம், ஸ்விங் 0.8 வோல்ட், ஆக ஏறக்குறைய 29 மில்லி ஆம்பியர். அங்கே லோ லெவலே 1.0 வோல்ட் என்பதால் டிரான்சிஸ்டர் மூச்சுவிட இடம் இருந்தது. அங்கேகூட அளவு சரிசெய்யப்பட்டது டிஜிட்டல் கோடை (எவ்வளவு டிரான்சிஸ்டர் அகலம் ஆன் என்று சொல்லும் பிட் எண்ணை) மாற்றித்தான். உங்கள் 1.2 வோல்ட்டில் அந்த இடம் கிடையாது.

டிராம் செய்வது இது. இசட்க்யூ (கேலிபரேஷன்) பின்னிலிருந்து கிரவுண்டுக்கு வெளியே 240 ஓம், 1 சதவீத ரெசிஸ்டர். சிப்புக்குள்ளே டிரைவரின் ஒரு லெக்கை (இணையாக உள்ள ஒரே மாதிரித் துண்டுகளில் ஒன்றை) அப்படியே நகலெடுத்த புல்-அப் ரெப்ளிகா அந்தப் பின்னை மேலே இழுக்கிறது. பின் வோல்டேஜ் விடிடிக்யூவில் பாதி ஆகும்வரை கோட் மாறுகிறது. பாதியில் நின்றால் ரெப்ளிகாவும் 240 ஓம். அந்தப் புல்-அப் கோடை இரண்டாவது புல்-அப் ரெப்ளிகாவுக்குக் கொடுத்து, அதற்குக் கீழே புல்-டவுன் ரெப்ளிகாவை மாட்டி, நடுமுனை மறுபடி பாதிக்கு வரும்வரை புல்-டவுன் கோடை நகர்த்துகிறார்கள். இரண்டு கோடும் எல்லா டிக்யூவுக்கும் போகின்றன. ஏழு லெக் இணையாகப் போட்டால் 34 ஓம், ஐந்து போட்டால் 48. அதே லெக்குகளே டெர்மினேஷனாகவும் வேலை செய்யும்: நான்கு போட்டால் 60, இரண்டு போட்டால் 120.

பேண்ட்கேப் இங்கே எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒப்பிடும் வோல்டேஜும் விடிடிக்யூவை இரண்டாகப் பிரித்து எடுத்ததுதான். சப்ளை 1.14 ஆனாலும் 1.26 ஆனாலும் விகிதம் மாறாது. கேட் ஓவர்டிரைவ் மாறுவதைக் கோட் ஈடுகட்டிவிடும்.

(மொபைல் டிராமான எல்பிடிடிஆர்4-இல் 240 ஓம் கிரவுண்டுக்குப் போகாது, விடிடிக்யூவுக்குப் போகும். அங்கே முதலில் புல்-டவுன், பிறகுதான் புல்-அப். படத்தைப் பார்த்து வரையும்போது இதை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.)

எழுகால்:

ஓம்காரன் சொன்னதோடு லெக் வடிவமைப்பையும் பிட் கணக்கையும் சேர்க்கிறேன்.

லெக்கை வெறும் மாஸாக வைக்காதீர்கள். சிலிசைடு இல்லாத பாலி ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போடுங்கள். பேட் 0.2 மடங்கு விடிடிக்யூவில் இருந்தாலும் 0.8-இல் இருந்தாலும் இம்பீடன்ஸ் ஓரளவு சமமாக இருக்க அதுதான் கைகொடுக்கும். இஎஸ்டிக்கும் (நிலைமின்சாரப் பாதுகாப்புக்கும்) உபகாரம். 240-இல் பாலிக்கு 130, மாஸுக்கு 110 என்று பிரித்துக்கொள்வோம்.

பாலியும் மாறும். பிளஸ் மைனஸ் 20 சதவீதம் என்று எடுத்தால் 104 முதல் 156 வரை. எனவே மாஸ் பாகம் ஒரு ஓரத்தில் 84 ஓம், மறு ஓரத்தில் 136 ஓம் காட்ட வேண்டும். உங்கள் அட்டவணைப்படி மாஸின் கடத்தும் திறன் 0.66 மடங்கு முதல் 1.45 மடங்குவரை போகிறது. டிடியில் தேவைப்படும் அகலத்தை 1 என்று வைத்தால்:

மெதுவான மாஸ், உயர்ந்த பாலி: 110-ஐ 84-ஆல் வகுத்து, 0.66-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.0
வேகமான மாஸ், தாழ்ந்த பாலி: 110-ஐ 136-ஆல் வகுத்து, 1.45-ஆல் வகுத்தால் 0.56

அதாவது 0.5 அகலம் எப்போதும் ஆன், மீதி 1.55-ஐக் கோட் ஆள வேண்டும். 5 பிட் போட்டால் ஒரு படி 0.05. பார்க்கப் போதும்போலத் தெரியும். சிக்கல் எங்கே என்றால், 0.05 என்ற அதே படி இரு ஓரங்களிலும் ஒரே விளைவைத் தராது. மெதுவான ஓரத்தில் அது 2-இல் 0.05, மாஸின் பங்கும் 240-இல் 84 மட்டுமே, ஆகவே லெக்கின் மாற்றம் 0.9 சதவீதம். வேகமான ஓரத்தில் 0.56-இல் 0.05, மாஸின் பங்கு 136, ஆகவே மாற்றம் 5 சதவீதம்! எஃப்எஃப்பில் கோட் ஒன்று தள்ளி நின்றாலே 10 சதவீதப் பிழை வரம்பில் பாதி காலி. அதோடு புல்-டவுன் ஒப்பிடுவது புல்-அப்பின் நகலோடு, வெளி ரெசிஸ்டரோடு அல்ல. முதல் சுற்றின் படிப்பிழை இரண்டாவதற்கும் தொற்றும்.

6 பிட் போடுங்கள், படி 0.025 ஆகும், எஃப்எஃப்பில் 2.5 சதவீதம். 7 பிட் தேவையில்லை, மிகச்சிறிய ஃபிங்கர் ப்ராசஸின் குறைந்தபட்ச அகலத்துக்குக் கீழே போய்விடும். மேல் இரண்டு பிட்டையும் தெர்மாமீட்டராக, அதாவது மூன்று சம துண்டுகளாக வையுங்கள். முழு பைனரியில் 011111-இலிருந்து 100000-க்குத் தாண்டும் இடத்தில், லேஅவுட் சற்றுப் பிசகினால் கோட் ஏறும்போது இம்பீடன்ஸ் குறைவதற்குப் பதில் கூடும். அந்த ஒரு இடத்தில் தேடல் தப்பான பக்கம் நின்றுவிடும்.

பிமாஸ் பக்கம் அதே கணக்கு, அகலம் மட்டும் இரண்டு, மூன்று மடங்கு. கார்னர் ஓட்டும்போது எஸ்எஸ், எஃப்எஃப் இரண்டோடு நிறுத்தாமல் எஸ்எஃப், எஃப்எஸ் (என்மாஸ், பிமாஸில் ஒன்று மெதுவாக, மற்றது வேகமாக) இரண்டையும் பாலியின் இரு ஓரத்தோடும் ஓட்டுங்கள். கோட் 0-இலோ 63-இலோ முட்டி நிற்பது பெரும்பாலும் இந்தக் கலப்புக் கார்னர்களில்தான் முதலில் தெரியும். முட்டினால் லூப் புகார் சொல்லாது, "முடிந்தது" என்றே கொடி காட்டும். கோட் ஓரத்தைத் தொட்டதா என்று காட்டும் ஒரு பிட்டை டெஸ்ட் ரெஜிஸ்டரில் வைத்துவிடுங்கள்.

லோக்கல் மிஸ்மேட்ச் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். 20 மைக்ரான் அகலம், 0.13 நீளம் உள்ள டிரான்சிஸ்டருக்கு, சதுர மைக்ரான் அளவில் 3.5 மில்லி வோல்ட் என்று வைத்தால் த்ரெஷோல்டின் சிக்மா 2.2 மில்லி வோல்ட் வரும். ஓவர்டிரைவ் 0.85 வோல்ட் இருக்கும்போது அது கால் சதவீதம்தான்.

பேட்_பக்கத்து_வீடு:

கோட் கணக்கு சரி. டேப்-அவுட் ஆகி (டிசைனை உற்பத்திக்கு அனுப்பி) வந்த சிப்பில் அடிவாங்குவது பெரும்பாலும் வேறு மூன்று இடங்களில்.

முதலில் கம்பாரேட்டர் ஆஃப்செட். 10 மில்லி வோல்ட் ஆஃப்செட் என்று வையுங்கள். இசட்க்யூ பின் 0.60-க்குப் பதில் 0.61-இல் நிற்கும். புல்-அப் 232 ஓம், அதாவது 3.3 சதவீதம் குறைவு. இப்போது புல்-டவுனை அதே கம்பாரேட்டரால் ஒப்பிட்டால் அந்த நடுமுனையும் 0.61-இல்தான் நிற்கும், புல்-டவுன் சரியாக 240-க்கு வந்துவிடும். புல்-அப்பின் பிழை புல்-டவுனுக்குப் போகாது. மாறாக இரண்டு கம்பாரேட்டர் வைத்து, இரண்டாவதின் ஆஃப்செட் எதிர்த்திசையில் 10 மில்லி வோல்ட்டாக இருந்தால் புல்-டவுன் 224.5 ஓம், 6.5 சதவீதம் குறைவு. இடம்தான் இருக்கிறதே, வயரிங் எளிது என்று இரண்டு கம்பாரேட்டர் போடுகிறவர்கள் இதைத்தான் வாங்கிக்கட்டிக்கொள்கிறார்கள். ஒரே கம்பாரேட்டர், முன்னால் ஒரு மக்ஸ் (உள்ளீட்டைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச்), போதும்.

புல்-அப்பின் 3.3 சதவீதத்தையும் போக்க வேண்டுமானால் உள்ளீடுகளை இடம் மாற்றி இரண்டு முறை தேடி, கிடைத்த இரண்டு கோடின் சராசரியை எடுங்கள். 6 பிட் எஸ்ஏஆர் தேடலில் (மேல் பிட்டிலிருந்து ஒவ்வொரு பிட்டாக முடிவுசெய்யும் முறை) ஆறு ஒப்பீடு, இடமாற்றத்தோடு பன்னிரண்டு, புல்-அப் புல்-டவுன் இரண்டுக்குமாக இருபத்துநான்கு. ஒப்பீட்டுக்கு 100 நானோ செகண்ட் தாராளமாகக் கொடுத்தாலும் மொத்தம் 2.4 மைக்ரோ செகண்ட்தான்.

இரண்டாவது, பொதுப்பாதை ரெசிஸ்டன்ஸ். பேடிலிருந்து லெக்குகள்வரை வரும் மெட்டல், கிரவுண்ட் கிரிட் எல்லாம் சேர்த்து 1.5 ஓம் என்று வைப்போம். ரெப்ளிகாவில் ஒரே லெக், அங்கே இந்த 1.5 ஓம் 240-க்குள் கரைந்துவிடும். லூப் லெக்கை 238.5-க்குச் சரிசெய்யும். டிக்யூவில் ஏழு லெக் அதே 1.5 ஓம் வழியாகப் போகின்றன: 34.07-உடன் 1.5, மொத்தம் 35.6. ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதல், கோட் என்னவோ கச்சிதம்! ரெப்ளிகா பாதையில் வேண்டுமென்றே ஏழு மடங்கு, அதாவது 10.5 ஓம் மெட்டல் வைத்தால் லெக் 229.5-க்கு வரும், டிக்யூ 34.3-க்கு வரும். ஆனால் ஐந்து லெக் போடும்போது 47.4 ஆகிவிடும், ஒற்றை லெக் டெர்மினேஷன் 231 ஆகிவிடும். எந்த அமைப்பை அதிகம் பயன்படுத்துகிறீர்களோ அதற்குப் பார்த்து வையுங்கள். முதல் வேலை, பாதையை அகலமாக்கி 1.5-ஐ 0.7-க்குக் கொண்டுவருவது.

மூன்றாவது போர்டில். இசட்க்யூ பின்னை ஏதோ ரெஃபரன்ஸ் பின் என்று நினைத்து 0.1 மைக்ரோ ஃபேரட் கெப்பாசிட்டரைப் பக்கத்தில் போட்டுவிடுவார்கள். 240-உம் 240-உம் இணையாக 120 ஓம், டைம் கான்ஸ்டன்ட் 12 மைக்ரோ செகண்ட். உங்கள் ஒப்பீடு 100 நானோ செகண்டுக்கு ஒன்று. பின் நகர்வதற்குள் ஆறு பிட்டும் முடிவாகிவிடும், கோட் ஒரு ஓரத்தில் போய் நிற்கும். இசட்க்யூவில் ரெசிஸ்டரைத் தவிர எதுவும் கூடாது, டிரேஸும் குட்டையாக இருக்க வேண்டும். இரண்டு சிப்புக்கு ஒரே 240 ஓம் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் கேலிபரேட் செய்யக் கூடாது. இரண்டு புல்-அப் சேர்ந்து இழுத்தால், ஒவ்வொன்றும் 480 ஓமுக்குப் போக முயன்று கோட் ஓரத்தில் முட்டும்.

சிலிக்கான்_சிட்டு:

மிக்க நன்றி, மூவருக்கும். மிரரைக் கைவிடுகிறேன். இரண்டு விஷயம் மட்டும். ஒன்று, எனக்கு உபரியாகப் பேட் இல்லை, வெளி ரெசிஸ்டரைத் தவிர்க்க முடியுமா? இரண்டு, புது கோடை எப்போது டிரைவருக்குக் கொடுப்பது? சிமுலேஷனில் நடுவே மாற்றினால் டிக்யூவில் ஒரு கூர்முனை தெரிகிறது.

ஓம்காரன்:

ரெசிஸ்டர் இல்லாமல் செய்ய, சிப்புக்குள் நம்பகமான ஓம் எங்கிருந்து வரும்? பாலி 20 சதவீதம் ஆடும். கிளாக்கையும் கெப்பாசிட்டரையும் வைத்து ஸ்விட்ச்-கெப்பாசிட்டர் ரெசிஸ்டர் செய்தால் கெப்பாசிட்டரின் ப்ராசஸ் ஆட்டம் அப்படியே உள்ளே வரும். வேஃபர் டெஸ்டில் அளந்து ஃபியூஸ் எரித்துப் பாலியை டிரிம் செய்யலாம், அது உற்பத்தி வேறுபாட்டைத் தீர்க்கும். டிரிம் செய்த பாலியையே 240-ஆக வைத்து மேலே சொன்ன லூப்பை ஓட்டினால் மாஸின் வெப்பநிலை, சப்ளை மாற்றங்களையும் பிடித்துவிடும். மிச்சம் பாலியின் சொந்த வெப்பநிலைக் குணகம் மட்டும். டெஸ்ட் சிப்புக்கு நான் சொல்வது வேறு: ஏதாவது ஒரு டெஸ்ட் பேடை இசட்க்யூவோடு மக்ஸ் செய்துகொள்ளுங்கள். அந்த மக்ஸ் ஸ்விட்ச் கரன்ட் போகும் பாதையில் வந்தால் அதன் ஓம் 240-உடன் கூடிவிடும். கம்பாரேட்டரின் சென்ஸ் வயரைப் பேடிலிருந்தே தனியாக எடுங்கள்.

கோடை மாற்றும் நேரம்: டிரைவர் ஹை-இசட்டில் (மேலும் கீழும் இழுக்காமல்) இருக்கும்போது மட்டும், டெர்மினேஷனும் அணைந்திருக்க வேண்டும். தேடல் ஒரு ரெஜிஸ்டரில் நடக்கட்டும், டிக்யூவுக்குப் போவது வேறு லாட்ச். டிடிஆர்3, டிடிஆர்4-இல் கேலிபரேஷன் முடியும்வரை அந்த சேனலையே சும்மா வைத்திருக்க வேண்டும்: பவர்-அப்பில் 512 கிளாக், டிடிஆர்4-க்கு 1024. எல்பிடிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் தொடங்கு, லாட்ச் செய் என்று இரண்டு தனிக் கட்டளை. தேடல் பின்னணியில் 1 மைக்ரோ செகண்ட் ஓடும், பஸ் அமைதியாக இருக்க வேண்டியது லாட்ச் செய்யும் 30 நானோ செகண்ட் அளவுக்குத்தான். இந்த இரண்டாவது முறையையே எடுத்துக்கொள்ளுங்கள், லாஜிக் ஒன்றும் பெரிதில்லை.

எழுகால்:

எவ்வளவு அடிக்கடி என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. டிடிஆர்3 ஸ்டாண்டர்டின் உதாரணம்: டிரைவரின் உணர்திறன் டிகிரிக்கு 1.5 சதவீதம், மில்லி வோல்ட்டுக்கு 0.15 சதவீதம். செகண்டுக்கு 1 டிகிரி, 15 மில்லி வோல்ட் நகர்ந்தால் செகண்டுக்கு 3.75 சதவீதம் விலகும். 64 கிளாக் எடுக்கும் குட்டிக் கேலிபரேஷன் ஒவ்வொன்றும் 0.5 சதவீதத்தைத் திருத்தும் என்பதால் 0.133 செகண்டுக்கு ஒன்று வேண்டும், ஏறக்குறைய 128 மில்லி செகண்ட். உங்கள் சிப்பின் உணர்திறனைச் சிமுலேஷனில் எடுத்து இதே வாய்ப்பாட்டில் போடுங்கள்.

முதல் முறை முழுத் தேடல், பிறகு ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு படி மேலோ கீழோ. அப்போது கோட் இரண்டு எண்களுக்கிடையே ஊசலாடும். எஃப்எஃப்பில் ஒரு படி 2.5 சதவீதம் என்பதால் அது கண்ணில் படும். தொடர்ந்து மூன்று ஒப்பீடும் ஒரே திசையைச் சொன்னால்தான் நகர வேண்டும் என்று வைத்தால் அடங்கிவிடும்.

பேட்_பக்கத்து_வீடு:

சிப் வந்ததும் சோதிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கேலிபரேட் செய்து கோடை உறையவைத்து, பேடில் விடிடிக்யூவின் 0.2, 0.5, 0.8 மடங்கு வோல்டேஜை ஒவ்வொன்றாகக் கொடுத்துக் கரன்ட்டை அளக்கவும். சென்ஸ் வயர் தனியாக இருக்கட்டும், 34 ஓமில் ப்ரோபின் 1 ஓம் என்பது 3 சதவீதம். புல்-டவுனுக்குப் பேட் வோல்டேஜைக் கரன்ட்டால் வகுக்க வேண்டும். புல்-அப்புக்கு, விடிடிக்யூவிலிருந்து பேட் வோல்டேஜைக் கழித்து வகுக்க வேண்டும். டிடிஆர்3-இன் வரம்பு ஒப்பிட உதவும்: 0.5-இல் 0.9 முதல் 1.1 மடங்கு, புல்-டவுனுக்கு 0.2-இல் 0.6 முதல் 1.1, 0.8-இல் 0.9 முதல் 1.4. புல்-அப், புல்-டவுன் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள்.

0.5-இல் சரியாக வந்து 0.8-இல் எகிறினால் பாலியின் பங்கு போதவில்லை. மூன்றிலும் ஒரே அளவு ஓம் கூடுதலாக இருந்தால் பொதுப்பாதை. புல்-டவுன் சரி, புல்-அப் மட்டும் விலகல் என்றால் கம்பாரேட்டர் ஆஃப்செட். ஒரு பின் தனியாகப் பார்க்கும்போது எல்லாம் சரி, எட்டும் சேர்ந்து லோ ஆனால் மட்டும் கரன்ட் குறைகிறது என்றால் கோடைத் தொடாதீர்கள், அது கிரவுண்ட் கிரிட்டின் ஐஆர் டிராப் (கரன்ட் ஓடுவதால் மெட்டல் ரெசிஸ்டன்ஸில் விழும் வோல்டேஜ்). ரெப்ளிகா அமைதியான கிரவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு இது தெரியவே தெரியாது.